கறை விடாத மண்

இன்றைக்கு மத்தியானம் லுஹர் தொழ வுழூச் செய்துவிட்டு வந்து, ஈரக்கையோடு உங்கள் போத்தல் ஒன்றைத் திறந்தேன். பழைய ஊறுகாய்ப் போத்தல். மூடியில் நீங்கள் எழுதி ஒட்டிய துண்டு இன்னும் இருக்கிறது, மை மங்கிவிட்டது. முழங்கையிலிருந்து வழிந்த தண்ணீர் இரண்டொரு சொட்டு உள்ளே விழுந்தது. வருடக்கணக்கில் காய்ந்து கிடந்த மண், அந்தச் சொட்டுக்கு ஒரு வாசம் விட்டது பாருங்கள். மாரியின் முதல் மழைக்கு வயல்வட்டையிலிருந்து எழும்பி வருகிற அதே வாசம். இந்த மூன்றாம் மாடிக்கு மழை வரும், உப்புக்காற்று வரும், கீழ்வீட்டில் மீன் பொரிக்கிற புகை வரும். மண் வாசம் மட்டும் ஏறி வருவதில்லை. தொழுகைப் பாயை விரித்துவிட்டு, தொழாமல் கொஞ்ச நேரம் அதன் மேல் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

எழுதி எங்கே அனுப்பப் போகிறாய் என்று கேட்பீர்கள். எங்கேயும் இல்லை. கதைக்க ஆள் இல்லாதபோது கை எதையாவது செய்ய வேண்டியிருக்கிறது. பின்னேரம் அஸருக்கு மகளும் மருமகனும் பதில் கேட்டு வருகிறார்கள். மேற்கு வட்டையில் இருக்கிற நம் வயலுக்குச் சரளைக் கிறவல் கொட்டி நிரப்பி, அதன் மேல் அவர்களுக்கு வீடு கட்டலாமா, கூடாதா? நான் ஓம் என்றால் நாளைக்கே டிப்பர் லொறி வரும். வயல் என்னுடையதுதான், உம்மா எனக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்தது. ஆனால் அதைப் பற்றிக் கதைத்த வாய் எப்போதும் உங்களுடையது. நீங்கள் "ஏலாது" என்பீர்கள், நான் பக்கத்தில் நின்று தேநீர் ஊற்றுவேன். இப்போது தேநீரும் நானே ஊற்ற வேண்டும், பதிலும் நானே சொல்ல வேண்டும்.

நீங்கள் மாப்பிள்ளையாக எங்கள் வீட்டுக்கு வந்த நாளை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. நம் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வந்து குடியேறுவது வழக்கம். என் கூட்டாளிமாருக்கு வந்தவர்கள் பெட்டி நிறைய உடுப்போடு வந்தார்கள். நீங்கள் ஒரு பெட்டி உடுப்போடும் இரண்டு பெட்டி மண்ணோடும் வந்தீர்கள். ஊர் ஊராகப் போய் மண்ணைத் தோண்டிப் பார்த்து, இன்ன இடத்தில் இன்ன மண் என்று வகை பிரிக்கிற அரசாங்க உத்தியோகம் உங்களுக்கு. அது எங்கள் வீட்டில் ஒருவருக்கும் சரியாக விளங்கவில்லை. "மாப்புள கச்சேரியில வேல" என்றுதான் உம்மா ஊருக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தார், அரசாங்க அலுவலகம் எதுவும் அவருக்குக் கச்சேரிதான்.

கட்டிலுக்குக் கீழே கூட்டும்போது உம்மா அந்தப் பெட்டிகளைத் திறந்துவிட்டார். உள்ளே சின்னச் சின்னப் பொட்டலங்களாக மண். ஒவ்வொன்றின் வாயும் நூலால் கட்டியிருக்கிறது. ஒவ்வொன்றுக்குள்ளும் எழுத்தும் இலக்கமுமாக ஒரு துண்டுக் கடுதாசி. செய்வினை என்றால் எப்படி இருக்கும் என்று உம்மா காலமெல்லாம் கேட்டு வைத்திருந்தாரோ, அது அப்படியே கட்டிலுக்குக் கீழே இருந்தது. "என்ட அல்லாஹ், மாப்புள என்னத்தகா கட்டிக்கொண்டு வந்திரிக்கான்" என்று தலையில் கை வைத்தார். ஒரு பொட்டலத்தை அப்போதே கொண்டுபோய்க் கடலில் எறிந்துவிட்டு, ஓதிப் பார்க்க லெப்பையைக் கூட்டி வர ஆள் அனுப்பினார். நீங்கள் வேலை முடிந்து வந்தபோது, லெப்பை உங்கள் பெட்டிகளுக்கு முன்னால் உட்கார்ந்து ஓதி ஊதிக்கொண்டிருந்தார்.

வேறு மாப்பிள்ளை என்றால் அன்றைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போயிருப்பார். நீங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, துஆ முடியும்வரை கையேந்தி இருந்து, ஆமீன் சொன்னீர்கள். பிறகு மெல்லச் சொன்னீர்கள்:

"லெப்பை, இது நாவிதன்வெளி மண். நீங்க ஓதின ஓதலுக்கு இனி ரெண்டு போகம் கூட வெளையும்."

லெப்பைக்கு விசயம் விளங்கியதும் அவர்தான் எல்லோரையும்விடக் கூடச் சிரித்தார். போகும்போது, தன் தோட்டத்துத் தென்னையில் ஏன் குரும்பை கொட்டுகிறது என்று உங்களிடம் கேட்டுவிட்டுத்தான் போனார். கடலுக்குப் போன பொட்டலத்துக்காக நீங்கள் மறுபடியும் நாவிதன்வெளிக்குப் போய்த் தோண்டிக்கொண்டு வந்தீர்கள். உம்மா மௌத்தாகும் வரைக்கும் உங்கள் பெட்டியைத் தாண்டும்போது பிஸ்மி சொல்லித்தான் தாண்டுவார்.

நீங்கள் மண்ணுக்கு வைத்த பெயர்கள் ஒன்றும் என் மண்டைக்குள் நிற்கவில்லை. எனக்கு மண் தெரிந்ததெல்லாம் உங்கள் உடுப்புக் கழுவித்தான். உள்நாட்டுப் பக்கம் போய்வந்தால் காற்சட்டை முழுக்கச் சிவப்பு. அது இரும்புச்சத்து ஏறிய பழைய மண், சவர்க்காரத்தோடு சண்டை பிடிக்கும், வெள்ளைச் சட்டையை ஒருநாளும் பழைய வெள்ளைக்குத் திரும்ப விடாது. ஆற்றோரம் போய்வந்தால் வாளியின் அடியில் மினுங்கும் தூள் படியும், வண்டல் மண். வாவிக்கரை உவர்நிலத்துக்குப் போனால் கறையே தெரியாது, ஆனால் காய்ந்த பிறகு ஓரமெல்லாம் வெள்ளை பூத்திருக்கும், நாலைந்து தடவை போனால் துணியை அரித்துவிடும். நம் வட்டை மண் சாம்பல் நிறம். முதல் தண்ணீரில் முக்கால்வாசியும் போய்விடும், மூன்றாம் தண்ணீருக்குப் பிறகும் துரு நிறத்தில் ஒரு கோடு மட்டும் நிற்கும். கடற்கரை மணல்தான் நல்ல பிள்ளை. ஒரு உதறு உதறினால் போதும், நூலில்கூட ஒட்டாது.

இதை ஒருநாள் உடுப்புத் துவைக்கிற கல்லடியில் நின்று உங்களுக்குச் சொன்னேன். நீங்கள் வாயைத் திறந்துகொண்டு கேட்டீர்கள்.

"புள்ள, நாங்க கந்தோரில இருந்து பிரிக்கிறதும் இதேதான். ஒனக்கு அஞ்சு வகை, எங்களுக்குக் கொஞ்சம் கூட."

"அப்ப எனக்கும் சம்பளம் தரச் செல்லுங்க."

அதற்குப் பிறகு வேலையிலிருந்து வந்தால் எங்கே போனேன் என்று சொல்ல மாட்டீர்கள். உடுப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, "கண்டுபுடி பாப்பம்" என்பீர்கள். நான் பிழையாகச் சொன்னால் உங்களுக்கு அப்படியொரு சந்தோசம். இப்போது கழுவுவதற்கு என் உடுப்பு மட்டும்தான். அதில் ஒரு ஊரின் மண்ணும் இருப்பதில்லை.

கலியாணம் முடித்த வருடக் கோடையில், அறுவடைக்குப் பிறகு, நம் வயலில் ஆளுயரத்துக்குக் குழி வெட்டினீர்கள். மற்றவர்கள் புதுப்பெண்சாதியைக் கல்முனைக்குப் படம் பார்க்கக் கூட்டிப்போன காலம். நீங்கள் என்னை வரம்பு வழியே கூட்டிப்போய்க் குழிக்குள் இறங்கச் சொன்னீர்கள்.

"எறங்கு புள்ள. பயமில்ல."

"உசிரோட கபுறுக்குள்ள எறக்குறீங்களே."

"மேல நிண்டு பாத்தா சும்மா தரைதான் தெரியும். உள்ளுக்கு வா."

இறங்கினேன். குழியின் சுவர் பாவாடைக் கரை போல வரி வரியாக இருந்தது. மேலே ஒரு சாண் மட்டும் கறுப்பு, வேரும் புழு போன ஓட்டையுமாக. அதற்குக் கீழே சாம்பல், அந்தச் சாம்பலுக்குள் துரு நிறக் கோடுகள். தண்ணீர் நிற்கிற மண்ணுக்கு மூச்சு இல்லை, நெல்லின் வேர் இறங்குகிற வழியில் மட்டும் காற்றுப் போகும், அந்த இடத்தில்தான் மண்ணில் உள்ள இரும்பு துருப்பிடிக்கும் என்று விரலால் தொட்டுக் காட்டினீர்கள். அதற்கும் கீழே நீலம் பாய்ந்த களி, கூழ்முட்டை நாற்றத்தோடு. காலடியில் மணல். அந்த மணலுக்குள் சிப்பி உடைசல் கிடந்தது. கடலிலிருந்து இவ்வளவு தூரத்தில் சிப்பி எப்படி வந்தது என்று கேட்டேன்.

"இது கடல் இருந்த இடம். கடல் வெலகிச்சு. ஆறு வெள்ளத்தோட மலையிட கல்லை அரைச்சுக் கொண்டுவந்து மேல போட்டுச்சு. அதில பன்னுப் புல்லு மொளைச்சிச்சு, செத்துச்சு, உக்கிச்சு. மறுகா நத்தை, புழு, எருமை. செத்ததெல்லாம் சேந்துதான் இந்தக் கறுப்பு."

"இந்த ஒரு சாணுக்கு எவ்வளவு காலம் போயிரிக்கும்?"

"நம்மட மூத்தவங்க, அவங்கட மூத்தவங்க, அதுக்கும் முந்தி."

ஏறி வரும்போது என் ஒரு கால் செருப்பு களிக்குள் புதைந்துவிட்டது. எவ்வளவு இழுத்தும் வரவில்லை. கடைசியில் அதை உள்ளே விட்டே குழியை மூடினீர்கள். றப்பர்ச் செருப்பு, எத்தனை தலைமுறை போனாலும் அது மட்டும் மண்ணாகாது என்று வழி முழுக்க என்னைப் பகிடி பண்ணிக்கொண்டு வந்தீர்கள். நான் ஒரு காலில் செருப்போடு ஊருக்குள் நடந்து வந்ததைப் பார்த்து உம்மா மறுபடியும் லெப்பையைக் கூப்பிடப் பார்த்தார்.

கடலோரம் இருந்த உம்மாவின் வீட்டைச் சுனாமி கொண்டுபோனது. அத்திவாரம் கூட மிஞ்சவில்லை. பிறகு இந்தத் தொடர்மாடியில் இரண்டு அறை கிடைத்தது. வாழ்நாளெல்லாம் மண்ணைத் தோண்டிய மனிதருக்கு மூன்றாம் மாடி. நீங்கள் கந்தோரிலும் கூட்டாளிமாரிடமும் இருந்த மண்ணையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டு வாங்கி, ஊறுகாய்ப் போத்தலிலும் ஹோர்லிக்ஸ் போத்தலிலும் போட்டு ஜன்னலடியில் அடுக்கினீர்கள். விடிந்ததும் வயலுக்குப் போய், மத்தியானம் சேறோடு படியேறி வருவீர்கள். படியெல்லாம் சேறு என்று கீழ்வீட்டுக்காரி என்னிடம்தான் சண்டைக்கு வருவாள். இப்போது படி சுத்தமாக இருக்கிறது. அவளும் என்னோடு சண்டை பிடிப்பதை விட்டுவிட்டாள்.

நம் ஒரே மகளுக்கு மாப்பிள்ளை பேசினபோது, வீடு கட்டித் தருவோம் என்று நாம் சேர்ந்துதான் வாக்குக் கொடுத்தோம். பெண்பிள்ளைக்கு வீடு கொடுக்காத தாய் நம் ஊரில் தலை நிமிர்ந்து நடக்க ஏலாது. முதலில் இந்த மாடியைக் கொடுத்துப் பார்த்தோம். மண்ணில் நிற்காத வீடு ஒரு வீடா என்றார்கள் மாப்பிள்ளை வீட்டார், ஒலுவில் என்ற ஊர் ஆட்கள். அன்றைக்கு நீங்கள் சிரித்தீர்கள். ஊருக்குள் வாங்குவதற்கு ஒரு துண்டு வீட்டு வளவு இல்லை. பிள்ளைகள் வாடகை வீட்டில் குடியேறினார்கள். மிஞ்சியிருந்தது வயல் மட்டும். அதை நிரப்பக் கேட்டபோதெல்லாம் நீங்கள் ஏலாது என்றீர்கள்.

வட்டையில் பக்கத்துக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிறவல் கொட்டினார்கள். மண்ணை மூடி, மதில் கட்டி, வீடு எழுப்பினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை, அவர்களுக்கும் பெண்பிள்ளைகள். ஆனால் முன்பெல்லாம் எவ்வளவு மழை பெய்தாலும் வட்டை உறிஞ்சி வைத்துக்கொண்டு, ஆறுதலாகத்தான் முகத்துவாரத்துக்கு விடும். போன மாரியில் தண்ணீர் போக இடமில்லாமல் ஊருக்குள் திரும்பியது. தரைத்தளத்துக் கீழ்வீட்டுக்காரி பாயும் சட்டியுமாக நம் வீட்டில் வந்து தங்கினாள். "வட்டை குடிச்ச தண்ணிய இனி ஊர்தான் குடிக்கணும்" என்று நீங்கள் ஜன்னலடியில் நின்று சொன்னீர்கள். மகளும் அன்றைக்கு இங்கேதான் இருந்தாள். அவள் கேட்டாள்:

"மண்ணுக்கு இவ்வளவு இரக்கப்படுறீங்க வாப்பா. மகளுக்கு இல்லையா?"

நீங்கள் ஜன்னலை இழுத்துச் சாத்தினீர்கள். அந்தக் கேள்வி இந்த வீட்டுக்குள் அப்படியே நின்றது. அடுத்த மாதம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்தீர்கள், எழும்பவில்லை.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். சொல்ல வேண்டியதை நீங்கள் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். அதைச் செய்து, அதன் பிறகு இந்த வீட்டில் தனியே இருக்க வேண்டியவள் நான். வயலில் வீடு வந்தால் மகள் பக்கத்தில் இருப்பாள், பேரப்பிள்ளையின் சத்தம் கேட்கும், எனக்கும் ஒரு மூலை கிடைக்கும், காலை வைத்தால் தரை இருக்கும். நான் ஆசைப்படாத ஆள் இல்லை. இன்றைக்கும் இரண்டு பேருக்கு அரிசி போட்டுவிட்டுப் பழஞ்சோற்றைத் தனியே தின்கிறவளுக்கு அந்த ஆசை வரத்தான் செய்யும்.

உங்களைக் கொண்டுபோன அன்றைக்கு நான் வாசற்படியோடு நின்றேன். அடக்கம் செய்கிற மையவாடிக்குப் பெண்கள் போவதில்லை. ஆண்கள் எல்லோரும் உங்களுக்கு மும்மூன்று பிடி மண் போட்டார்கள், நான் ஒரு பிடியும் போடவில்லை. மருமகன் திரும்பி வந்ததும் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

"மருமகன், என்ன மண்?"

"என்ன மாமி?"

"கபுறில. என்ன மண்?"

"மண்தான் மாமி" என்றார் பாவம். கவலையில் பிதற்றுகிறேன் என்று நினைத்திருப்பார்.

அவர் மாற்றிப்போட்ட வெள்ளைச் சாறனை நான் வெளியே வராமல் இத்தா இருந்த அறையோடு ஒட்டிய குளியலறையில் நான்தான் கழுவினேன். வேண்டாம் என்று மகள் தடுத்தாள், விடவில்லை. தண்ணீரில் போட முதல் ஒரு உதறு உதறினேன். எல்லாம் தரையில் கொட்டிவிட்டது. மணல். கடற்கரை மணல், ஒன்றிரண்டு சிப்பித் துண்டோடு. சாறனை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், ஒரு கோடு இல்லை, ஒரு நிறம் இல்லை. இன்னும் மண்ணாகாத மண் என்று நீங்கள் சொல்வீர்களே, வரி வரியாகப் படியாத, எதையும் பிடித்து வைக்காத மண், அதற்குள்தான் உங்களை வைத்திருக்கிறார்கள். அன்றைக்குத்தான் எனக்கு அழுகை வந்தது. நீங்கள் உடுப்பைக் கழற்றித் தந்து கண்டுபிடிக்கச் சொன்ன கடைசித் தடவை அது என்று நினைத்துக்கொண்டேன். நான் சரியாகத்தான் சொன்னேன். பிழை என்று சந்தோசப்பட நீங்கள் இல்லை.

கீழே வாகனச் சத்தம் கேட்கிறது. அவர்கள்தான்.

பொழுது பட்டு மஃரிப் தொழுதுவிட்டு மிச்சத்தை எழுதுகிறேன். மருமகன் அஸருக்குப் பள்ளிவாசலுக்குப் போய்விட்டார், மகள் மட்டும் ஏறி வந்தாள். அபாயாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். உள்ளே வெள்ளைச் சல்வாரில் ஒரு கால் முழங்கால் வரைக்கும் சேறு.

"டிப்பர்க்காரனுக்கு இடம் காட்டப் போனன் உம்மா. நடு வயலுக்க கால் எறங்கிட்டு. எடுக்கவே ஏலாமப் போயிட்டு."

"செருப்பு?"

"அதக் கஷ்டப்பட்டு எடுத்திட்டன்" என்று சிரித்தாள். நீங்கள் சிரிக்கிற மாதிரியே சிரித்தாள். நான் என் பாவாடை ஒன்றைக் கொடுத்து மாற்றச் சொன்னேன். தேநீர் ஊற்றினேன். அவள் குடித்து முடிக்கும் வரைக்கும் எனக்கே தெரியாது நான் என்ன சொல்லப் போகிறேன் என்று.

"மகள், மண்ணை மூடாத" என்றேன்.

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். "வாப்பா செல்லிப்போட்டாரெண்டா?"

"இல்ல. வாப்பா செல்லல்ல, நான்தான் செல்றன். அந்த ஒரு சாணை மூடினா, நீயும் நானும் ஒன்ட பேரனும் சேந்தாலும் திரும்ப எடுக்க ஏலா."

"அப்ப நாங்க ஒலுவிலுக்குப் போறம் உம்மா. அவரிட உம்மா ஊட்டுக்கு. இனியும் வாடகைக்கு இரிக்க அவர் விரும்பல்ல. ஆக்கள் என்ன கதைப்பாங்க எண்டு தெரியும்தானே?"

"தெரியும். பெத்தவள் ஒரு கூரை குடுக்கல்லையெண்டு கதைப்பாங்க. கதைக்கட்டும்."

"வாப்பா இரிந்தா நான் கத்தியிரிப்பன். ஒங்களோட கத்தவும் ஏலாமக் கிடக்கு" என்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு கீழே ஹோர்ன் சத்தம் கேட்டது, போய்விட்டாள். ஒலுவில் கரையைக் கடல் அரித்துக்கொண்டு வருகிறது என்று நீங்கள் சொன்னது, அவள் படியிறங்கின பிறகுதான் நினைவுக்கு வந்தது. நல்லவேளை, முதலே வந்திருந்தால் என் நாக்கு தடுமாறியிருக்கும்.

போன மகள் பெருநாளைக்காவது வருவாள், போன மண் வராது. இதை நீங்கள் சொல்லவில்லை, நானே தேநீர் ஊற்றும்போது கண்டுபிடித்தது. சரியா பிழையா என்று கேட்கத்தான் ஆள் இல்லை. வீடு இன்றைக்கு நேற்றையைவிட வெறிச்சென்று கிடக்கிறது.

அவள் விட்டுப்போன சல்வாரைக் கழுவினேன். முதல் தண்ணீரில் சாம்பல் நிறம் போனது. இரண்டாம் தண்ணீரும் கலங்கியது. மூன்றாவதில் தண்ணீர் தெளிந்துவிட்டது, முழங்காலடியில் துரு நிறத்தில் ஒரு கோடு மட்டும் நின்றது. உப்பும் தேசிக்காய்ப் புளியும் போட்டுத் தேய்த்தால் அதுவும் போகும், எனக்குத் தெரியாததா. போத்தலுக்குள் விழுந்த சொட்டு இன்னும் காயவில்லை போல, அறைக்குள் அந்த வாசம் இருக்கிறது. நான் தேய்க்கவில்லை. கறையோடேயே பிழிந்து கொடியில் போட்டிருக்கிறேன்.